வாக்குக் கேட்காமல் நீதிபதி ஆவது எப்படி

2024 தீபாவளி வாரத்தில் டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகன் சிங்கப்பூரில் இருக்கும் எனக்கு ஒரு படம் அனுப்பினான். அவன் வீட்டுப் புல்வெளியில் மூன்று பலகைகள் குத்தி வைத்திருந்தார்கள், ஒன்று அதிபர் வேட்பாளருக்கு, ஒன்று வேறு யாருக்கோ, மூன்றாவது ஒரு ஜட்ஜுக்கு! கட்சி நிறத்தில் பெயர், கீழே 'நீதிபதியாகத் தேர்ந்தெடுங்கள்'. "அக்கா, உங்க ஊர்ல ஜட்ஜ் எலெக்‌ஷன் எப்ப?" என்று கேலியாகக் கேட்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்த என் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, "சித்தி, நம்ம ஊர்ல அப்ப எப்படித்தான் ஆவாங்க?" என்றாள். தொடக்கக் கல்லூரியில் (ஜூனியர் காலேஜ்) படிக்கும் பிள்ளை, சட்டம் படிக்கலாமா என்று யோசிக்கிறாள். நான் வழக்கறிஞர் இல்லை, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 19 வருடமாகக் கோப்பு தூக்குகிறவள், ஆனால் இந்த 19 வருடத்தில் அரசு நீதிமன்றத்தின் வாசற்படி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், மாவு காய்ந்துவிடும் என்று அக்கா திட்டியதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் ஊர்க் கதையை முடித்துவிடுகிறேன். டெக்சாஸில் மாவட்ட நீதிமன்ற நீதிபதி என்றால் கட்சி சார்பில் நின்று ஜெயிக்க வேண்டும், பதவி நான்கு ஆண்டு, அப்புறம் மறுபடி வாக்குக் கேட்கப் போக வேண்டும். முதலில் கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் ஜெயிக்க வேண்டும், அதன் பிறகுதான் நவம்பரில் பொதுத் தேர்தல். நிதி திரட்டுவது, கோயில் விழாவிலும் தேவாலயத்திலும் போய்க் கை குலுக்குவது, பலகை அடிப்பது எல்லாம் உண்டு. அதற்காக யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று நினைக்க வேண்டாம், வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, 2021-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி அந்த ஆண்டுக் கணக்கை நான்கிலிருந்து எட்டாக உயர்த்தினார்கள். நம் பக்கத்து ஆட்களும் அங்கே நின்று ஜெயித்திருக்கிறார்கள். ஹூஸ்டனை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் வட்டாரத்தில் மலையாளியான ஜூலி மேத்யூ 2018-இல் தேர்தலில் வென்றுதான் நீதிபதி இருக்கையில் உட்கார்ந்தார். ஹூஸ்டன் மாதிரிப் பெரிய ஊர்களில் வாக்குச்சீட்டில் நீதிபதி பெயர்கள் மட்டுமே டஜன் கணக்கில் வரும், முன்பு ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் குத்திவிட்டுப் போகலாம், 2020 தேர்தலிலிருந்து அது கிடையாது. என் தம்பியைக் கேட்டேன், அந்த மூன்றாவது பலகைக்காரர் எப்படிப்பட்ட ஜட்ஜ் என்று. "தெரியாது அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் வைக்கச் சொன்னார்" என்றான்.

சரி, நம் ஊரான சிங்கப்பூருக்கு வருவோம்.

இங்கே எந்த நீதிபதிக்கும் தேர்தல் கிடையாது, மிகக் கீழே இருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் கிடையாது, மேலே இருக்கும் தலைமை நீதிபதிக்கும் கிடையாது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை, பிரதமரின் ஆலோசனைப்படி அதிபர் நியமிக்கிறார், அதிபருக்கு உடன்பாடு இல்லையென்றால் மறுக்கலாம். அந்த அதிபரைத்தான் 1993-இலிருந்து நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம், ஆகவே 2023-இல் வரிசையில் நின்று தர்மன் சண்முகரத்னத்துக்கோ மற்றவர்களுக்கோ வாக்களித்தபோது, சுற்றி வளைத்து நீதிபதி நியமனத்திலும் ஒரு துளி நம் கை பட்டது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு மேல் இழுத்தால் நூல் அறுந்துவிடும். மாவட்ட நீதிபதிகளும் மாஜிஸ்திரேட்டுகளும் நீதித்துறைச் சேவையில் சேர்ந்த அதிகாரிகள். 2022 ஜனவரியிலிருந்து அந்தச் சேவைக்குத் தனி ஆணையம் இருக்கிறது, தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன்தான் அதன் தலைவர். வேலைக்கு எடுப்பது, உயர்த்துவது, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அங்கேதான்.

இன்னொன்றையும் இப்போதே பிரித்து வைத்துவிடுங்கள். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஏதாவது விழாவுக்குப் போனால் மேடையில் 'சமாதான நீதிபதி' என்று சிலரை அறிமுகப்படுத்துவார்கள். அவர்கள் வேறு. சமூகத்துக்கு நெடுங்காலம் தொண்டு செய்தவர்களை அதிபர் அந்தப் பதவியில் அமர்த்துகிறார், திருமணம் பதிவு செய்து வைப்பார்கள், சிறைக்குப் பார்வையாளராகப் போவார்கள், சமரசம் செய்து வைப்பார்கள். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. "மாமா ஜட்ஜா இருக்கார்" என்று சொல்லும் வீடுகளில் பாதிப் பேர் சொல்வது இந்தப் பதவியைத்தான். நல்ல பதவி, ஆனால் நாம் பேசுவது அது இல்லை.

நாம் பேசுவது ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அந்த 35 மாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி. 2014 மார்ச் வரை அந்த நீதிமன்றங்களுக்குக் 'கீழ் நீதிமன்றங்கள்' என்ற அர்த்தத்தில்தான் பெயர், அப்புறம் அரசு நீதிமன்றங்கள் என்று மாற்றினார்கள், எனக்கு அந்தப் பெயர் மாற்றத்தில் முழுச் சம்மதம். நாட்டின் வழக்குகளில் சுமார் 90 விழுக்காடு ஓடுவது அங்கேதான், அதைப் போய்க் கீழ் என்பதா? மாவட்ட நீதிமன்றத்தில் 2,50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை உரிமையியல் வழக்கு போடலாம், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 60,000 வெள்ளி வரை. குற்ற வழக்கில் மாவட்ட நீதிபதி பொதுவாக 10 ஆண்டு வரை சிறை, 30,000 வெள்ளி வரை அபராதம், 12 பிரம்படி வரை கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் 3 ஆண்டு, 10,000 வெள்ளி, 6 பிரம்படி. கொலை மாதிரி உயிர் போகும் தண்டனை உள்ள வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். இந்தக் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: பொதுமக்களில் சிலரை உட்கார வைத்துக் குற்றவாளியா என்று முடிவு செய்யச் சொல்லும் ஜூரி முறையை 1969-இல் எடுத்துவிட்டதால், குற்றவாளியா இல்லையா என்பதும் எத்தனை மாதம் என்பதும் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது. டெக்சாஸ் ஜட்ஜுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை.

முதல் வேலை: போய் உட்காருங்கள்

சட்டம் படிக்க வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, நீதிமன்றத்துக்குள் போயிருக்கிறாயா என்பதுதான். பத்தில் ஒன்பது பேர் இல்லை என்பார்கள், நாடகத்தில் பார்த்ததுதான். விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை, அனுமதிக் கடிதம் வேண்டாம், கட்டணம் இல்லை. சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். வாசலில் விமான நிலையம் மாதிரிப் பை சோதனை இருக்கும், ஆகவே கத்தரிக்கோலையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அரைக்கால் சட்டையும் செருப்பும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அன்றைய வழக்குப் பட்டியல் நீதித்துறையின் இணையத்தளத்தில் இருக்கும், அதில் எந்த அறையில் விசாரணை என்று பார்த்துக்கொண்டு, உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதி இருக்கும் திசையில் லேசாகத் தலை குனிந்துவிட்டு, பின்வரிசையில் உட்காருங்கள். கைப்பேசி சத்தம் வரக்கூடாது, படமோ ஒலிப்பதிவோ எடுத்தால் அது குற்றம், விளையாட்டாகக்கூட வேண்டாம்.

எங்கே உட்காருவது என்று கேட்டால், பரபரப்பான வழக்கைத் தேடிப் போகாதீர்கள், செய்தித்தாளில் வந்த வழக்கு என்றால் கூட்டம் நிற்கும், நமக்கு ஒன்றும் கேட்காது. குற்றம் சாட்டப்பட்டவர்களை முதன்முதலாகக் கொண்டுவந்து குற்றச்சாட்டை வாசிக்கும் அறை ஒன்று இருக்கும், அங்கே ஒரு காலை முழுவதும் உட்காருங்கள். கடையில் திருடியவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், மைத்துனரை அடித்தவர், வேலை அனுமதி அட்டையில் பொய் சொன்னவர் என்று வரிசையாக வருவார்கள், ஒவ்வொருவருக்கும் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்குள் நீதிபதி என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் பேசுவது குறைவு. இவருக்குக் குற்றச்சாட்டு புரிந்ததா, வழக்கறிஞர் வேண்டுமா, பிணைக்கு ஆள் வந்திருக்கிறாரா, அடுத்த தேதி எது, அவ்வளவுதான். ஒருமுறை ஒரு பெரியவர் எல்லாக் கேள்விக்கும் "எஸ் சார், எஸ் சார்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். நீதிபதி நிறுத்தி, "நான் கடைசியாகக் கேட்டது என்ன என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். பெரியவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள், காத்திருந்த இருபது பேரும் பெருமூச்சு விட்டார்கள், அந்த நீதிபதி கண்டுகொள்ளவே இல்லை. இந்த வேலைக்கு என்ன குணம் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அந்தக் காலையைத்தான் சொல்வேன்.

நான்கைந்து முறை போய் வந்த பிறகும் உங்களுக்கு அலுப்புத் தட்டவில்லை என்றால் மேலே படியுங்கள். அலுத்துவிட்டதா, தப்பே இல்லை, சட்டம் படித்தவர்களுக்கு இந்த ஊரில் நீதிமன்றப் பக்கமே போகாத வேலைகள் ஏராளம்.

படிப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர்களுக்கு இந்தப் பகுதி என்னைவிட நன்றாகத் தெரியும். உள்ளூரில் மூன்று இடங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், 1957-இலிருந்து சட்டம் சொல்லித்தரும் பரம்பரை அது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சட்டப் பள்ளி 2007-இல் வந்தது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், சட்டப் பள்ளி 2017-இல். மூன்றாவதைப் பலர் மூன்றாம் தரம் என்று நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குற்றவியலும் குடும்பச் சட்டமும்தான் அதன் முதன்மை நோக்கம், வேலை பார்த்துவிட்டு இரண்டாவது வாழ்க்கையாகச் சட்டத்துக்கு வருபவர்களையும் அது விரும்பி எடுக்கிறது, அரசு நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குகளில் பெரும்பகுதி குற்றவியல்தானே. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தும் சட்டத்துக்குப் போகிறார்கள், இடம் குறைவு, ஆனால் கதவு மூடவில்லை. மதிப்பெண்ணோடு நேர்காணலும் இருக்கும். நேர்காணலில் 'நீதிக்காகப் போராட' என்று தொடங்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். போய் உட்கார்ந்து பார்த்த ஒரு காலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள்: முன்பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகம் இங்கே அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் நீளும், குறையும். எந்த வகுப்பில் தேற வேண்டும் என்ற விதியும் உண்டு. முகவர் ஒருவர் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்றதை நம்பி மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, பட்டத்தோடு திரும்பி வந்து பட்டியலில் பெயர் இல்லாமல் நின்ற ஒரு பையனை எனக்குத் தெரியும், அவன் அப்பா வீட்டை அடமானம் வைத்திருந்தார்.

பட்டம் முடித்தால் வழக்கறிஞர் தேர்வு. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு தேர்வும் உண்டு. அதற்கும் மேலே நடைமுறைப் பயிற்சி, முன்பு ஆறு மாதம், 2024-இலிருந்து ஓராண்டு ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள், நான் பார்த்த வரையில் ஆறு மாதத்தில் அவர்கள் கற்றுக்கொள்வது நகல் இயந்திரத்தைச் சரி செய்வது மட்டும்தான், ஆகவே இந்த மாற்றம் நல்லதே.

ஏழு வருடக் கணக்கு

இங்கேதான் பலருக்குக் குழப்பம். வழக்கறிஞர் ஆன மறுநாளே நீதிபதி ஆக முடியாது. மாஜிஸ்திரேட் ஆகக் குறைந்தது மூன்று ஆண்டும், மாவட்ட நீதிபதி ஆகக் குறைந்தது ஏழு ஆண்டும் சட்டத் தகுதி பெற்றவராக இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையை முடித்த பையன் என்றால் முப்பதைத் தாண்டித்தான் மாவட்ட நீதிபதி என்ற சொல்லே அவன் பக்கம் வரும், பெண் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டு முன்னால். உயர் நீதிமன்றத்துக்குப் பத்து ஆண்டு என்று அரசமைப்பிலேயே இருக்கிறது, நடைமுறையில் அதைவிட வெகு காலம் ஆகும்.

அந்த ஏழு வருடத்தை எங்கே கழிப்பது? மூன்று வழி இருக்கிறது. மிக நன்றாகத் தேறியவர்களை உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்குச் சட்ட உதவியாளராக எடுக்கும், ஒன்றிரண்டு ஆண்டு நீதிபதிகளின் பக்கத்தில் இருந்து ஆராய்ச்சிக் குறிப்பு எழுதலாம், அங்கிருந்து உதவிப் பதிவாளர், மாஜிஸ்திரேட் என்று போகும். இரண்டாவது, தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தில் அரசாங்கத் துணை வழக்கறிஞராகச் சேர்ந்து குற்ற வழக்கு நடத்துவது. முன்பெல்லாம் நேற்று அரசுத் தரப்பில் நின்று வாதாடியவரை நாளை மாஜிஸ்திரேட்டாக மாற்றுவார்கள், மறுபடி திருப்பி எடுப்பார்கள், எல்லாம் ஒரே சட்டச் சேவை. 2022-இல் நீதித்துறைச் சேவையைத் தனியாகப் பிரித்ததால் அந்தப் பழைய ஊஞ்சலாட்டம் முன்போல இல்லை, ஆகவே எந்தப் பக்கம் சேர்வது என்பதை முன்பைவிட யோசித்து முடிவெடுக்க வேண்டும். மூன்றாவது, தனியார் அலுவலகத்தில் வழக்கு நடத்திவிட்டு நடுவயதில் விண்ணப்பிப்பது.

என்னைக் கேட்டால், எங்கே சேர்ந்தாலும் முதல் சில ஆண்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வேலை கிடைக்கிறதா என்று பாருங்கள். பெரிய அலுவலகங்களில் சம்பளம் கூடுதல், ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தப் பத்திரத்தில் காற்புள்ளி திருத்துவதிலேயே காலம் போய்விடும். சின்ன அலுவலகத்தில் இரண்டாம் மாதமே நடுக்கத்தோடு எழுந்து நிற்க வேண்டிவரும். பொய் சொல்லும் சாட்சியை எதிரில் நின்று பார்த்தவருக்குத்தான் மேடையில் உட்கார்ந்தும் அதைக் கண்டுபிடிக்க வரும். முக்கியமாக, உண்மை சொல்லிக்கொண்டே பொய்யர் மாதிரித் தடுமாறும் சாட்சியையும் அவருக்கு அடையாளம் தெரியும். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குத் தொண்டூழியராகப் போங்கள். 20,000 வெள்ளிக்கு உட்பட்ட தகராறைத் தீர்க்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் வாதாடவே முடியாது, ஆட்களே போய்த் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும், அதற்கு முந்தின வாரம் கையில் ரசீதுக் கட்டோடு உங்கள் முன்னால் வந்து உட்காரும் அண்ணனிடம் 'உங்களுக்கு என்னதான் வேண்டும்' என்று கேட்டு அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், நீதிபதி வேலையில் பாதி அதுதான்.

எழுத்து

மீதிப் பாதி எழுத்து. தேர்தல் நடக்கும் ஊரில் நீதிபதி பலகையில் பெயர் எழுதுகிறார், இங்கே காரணம் எழுதுகிறார். தீர்ப்பை எதிர்த்து யாராவது மேல்முறையீடு செய்தால், எதை நம்பினேன், எதை நம்பவில்லை, ஏன் இத்தனை மாதம் என்று மாவட்ட நீதிபதி எழுத்தில் விளக்க வேண்டும், அந்தத் தாள்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே அதை வரி வரியாகப் பிரித்து மேய்வார்கள். சில நேரம் தீர்ப்பையே புரட்டிவிடுவார்கள், அதுவும் பெயரோடு வெளியாகும்.

ஆகவே பயிற்சி இப்படிச் செய்யுங்கள். அரசு நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தீர்ப்பின் எண்ணில் ஆண்டுக்குப் பின்னால் எஸ்ஜிடிசி என்று இருந்தால் மாவட்ட நீதிமன்றம், எஸ்ஜிஎம்சி என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஒன்றை எடுத்து, நடந்தது என்ன என்ற பகுதியை மட்டும் படியுங்கள். அதோடு மூடிவிட்டு, நீங்கள் என்ன தண்டனை கொடுப்பீர்கள் என்று ஒரு தாளில் எண்ணோடு எழுதுங்கள், 'கடுமையாக' என்று எழுதினால் செல்லாது, எத்தனை வாரம், ஏன். அப்புறம் திறந்து பாருங்கள். என் அக்கா மகள் முதல் முறை செய்தபோது, முதலாளியின் நகையைத் திருடிய பணிப்பெண்ணுக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தாள், இரண்டாவது வழக்கில் முதியவரை ஏமாற்றியவருக்கு ஆயுள் தண்டனையே கொடுத்துவிட்டாள், அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் ஆயுளே கிடையாது. பத்தாவது வழக்கில் அவள் எண் நீதிபதியின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. எண் பொருந்துவது முக்கியமில்லை, அவள் "சித்தி, முதல் தடவை தப்பு செய்தவரா என்று இதில் சொல்லவே இல்லையே" என்று தானாகக் கேட்க ஆரம்பித்தாளே, அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

நீதித்துறைக்குள் போன பிறகும் படிப்பு ஓயாது, 2015-இலிருந்து நீதிபதிகளுக்கென்றே ஒரு நீதித்துறைக் கல்லூரி இயங்குகிறது, புதியவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பழையவர்களும் போகிறார்கள்.

தமிழ் எதற்கு?

நீதிமன்ற மொழி ஆங்கிலம். அப்படியென்றால் தமிழ் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள், தாய்மொழிப் பாடத்தில் மதிப்பெண் வந்தால் போதும் என்கிறார்கள். நான் மொழிபெயர்ப்பாளர்கள் பக்கத்தில் நின்றே பாதி வாழ்க்கையைக் கழித்தவள், சொல்கிறேன் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஊழியர் "சும்மா தட்டினேன்" என்பார். அது ஆங்கிலத்தில் போகும்போது தட்டியதாகவும் போகலாம், அடித்ததாகவும் போகலாம். "அவன் என்னைப் பேசிட்டான்" என்றால் திட்டினான் என்று அர்த்தம், பேசினான் என்று அல்ல. நல்ல மொழிபெயர்ப்பாளர் இதையெல்லாம் பிடித்துவிடுவார், நம் நீதிமன்றங்களில் மிக நல்லவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் பதிவேட்டில் ஏறுவது ஆங்கிலச் சொல்தான், தமிழ் தெரிந்த நீதிபதியும் அதை வைத்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும், தன் காதில் விழுந்ததை ரகசியச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ் தெரிந்தவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை நிறுத்தி, எல்லார் முன்னாலும், இன்னொரு முறை கேட்கச் சொல்லலாம். அந்த ஒரு நிறுத்தத்துக்காகவாவது தமிழை விட்டுவிடாதீர்கள். மலாயும் கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் தெரிந்தால் இன்னும் நல்லது.

நமக்கு முன்னால் போனவர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டி. எஸ். சின்னத்துரை மாவட்ட நீதிபதியாக இருந்து 1978-இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர், கீழிருந்து மேலே போகப் படி இருக்கிறது என்பதற்கு அவர் உதாரணம். ஏ. பி. ராஜா அரசியல்வாதியாகவும் தூதராகவும் இருந்துவிட்டு நீதிபதி ஆனவர். வி. கே. ராஜா தனியார் அலுவலகத்திலிருந்து உயர் நீதிமன்றம் போய், பிறகு தலைமைச் சட்ட அதிகாரியும் ஆனார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசல் வழியாக.

இருக்கையில் உட்கார்ந்த பிறகு

கொடுக்க வேண்டிய விலையும் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் "என் சம்மனை என்னம்மா செய்யலாம்?" என்று பந்தியிலேயே கேட்பார்கள், சிரித்துவிட்டு ரசத்தைப் பற்றிப் பேச வேண்டும். தெரிந்தவர் வழக்கு வந்தால் விலகிக்கொள்ள வேண்டும். சமூக ஊடகத்தில் யாரோ ஒருவரின் கோபத்துக்கு விருப்பக்குறி போட்டுவிட்டு அது தெரியாது என்று சொல்ல முடியாது. பழைய அலுவலக நண்பர்களோடு சாப்பிடப் போவதுகூட யோசித்துத்தான். கட்சி, தேர்தல் எதிலும் கால் வைக்க முடியாது.

அக்கா மகள் இந்த இடத்தில்தான் முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். "அப்ப நம்ம ஊர் ஜட்ஜ் யாருமே எலெக்‌ஷன்ல நின்னதில்லையா சித்தி?"

நின்றிருக்கிறார். ஜே. பி. ஜெயரத்தினம், யாழ்ப்பாணத் தமிழ் வம்சம், 1952-இல் சட்டச் சேவையில் சேர்ந்து மாஜிஸ்திரேட்டாகவும் மாவட்ட நீதிபதியாகவும் உச்ச நீதிமன்றப் பதிவாளராகவும் இருந்தவர். 1963-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனியாக வழக்கறிஞர் தொழிலுக்குப் போனார், 1971-இல் பாட்டாளிக் கட்சியின் பொறுப்பை எடுத்தார், நின்ற தேர்தலில் எல்லாம் தோற்றார். தேவன் நாயர் அதிபரானதால் காலியான ஆன்சன் தொகுதியில் 1981 அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தபோதுதான் ஜெயித்தார், சிங்கப்பூர் விடுதலை பெற்ற பிறகு ஓர் எதிர்க்கட்சிக்காரர் தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் போனது அதுவே முதல் முறை. நீதிபதி இருக்கையிலிருந்து எழுந்து வந்து பதினெட்டு வருடம் கழித்து.

"அப்ப முதல்ல ராஜினாமா, அப்புறம்தான் பலகையா?" என்றாள்.

ஆமாம் என்றேன். டெக்சாஸ்காரனுக்கும் அதையே பதிலாகத் தட்டி அனுப்பச் சொன்னேன், கை முழுக்க மாவு எனக்கு.